இருமல் நின்றதும் தொடங்கிய கதை

1912இல் பிராகு நகரத்தில் ஹான்ஸ் மேயர், யோசெஃப் மாலி என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு புதிய பொருளைத் தயாரித்தார்கள். அது எதற்கு உதவும் என்று யாரும் கேட்கவில்லை. கட்டுரை அச்சானது, பொருள் மறந்துபோனது. அடுத்த நாற்பது வருடங்களில் சயரோகம் என்ற காசநோய் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதன் கிருமியைக் கொல்லும் மருந்து அந்தப் பழைய சஞ்சிகையின் பக்கங்களுக்குள்ளேயே கிடந்தது.

1950களின் தொடக்கத்தில் மூன்று மருந்து நிறுவனங்கள் தனித்தனியே தேடிக்கொண்டு போய் அதே பொருளில் வந்து நின்றன. ஐசோனியாசிட் என்று பெயர் வைத்தார்கள். நியூயார்க்கின் சீ வியூ ஆஸ்பத்திரியில் பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்தது, உடம்பு தேறியது. கட்டிலோடு கிடந்தவர்கள் எழுந்து ஆடிய படங்கள் 1952இல் பத்திரிகைகளில் வந்தன. சயரோகத்தின் காலம் முடிந்தது என்று உலகம் கொண்டாடியது. அடுத்த ஆபத்து அந்த வேகமான குணத்துக்குள்ளேயே இருந்தது.

1956இல் கதை சென்னைக்கு வந்தது. ஓய்வு, காற்று, சத்துணவு என்று நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அதுவரை வழக்கம். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கட்டில்கள் சில ஆயிரம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை நடத்த வந்தார். 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரு வருடம் ஒரே மருந்து. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தையே உலுக்கியது. அரைவயிறு சாப்பிட்டு, வேலைக்கும் போய்வந்த வீட்டு நோயாளிகள் சானடோரியக்காரர்களுக்குச் சமமாகத் தேறியிருந்தார்கள். அவர்களோடு ஒரே அறையில் படுத்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஆனால் அந்த வீடுகளுக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். ஐசோனியாசிட்டோடு கொடுத்த பாஸ் என்ற மருந்து உடம்புக்குள் போயிருந்தால் சோதனையில் சிறுநீர் நிறம் மாறும். பல வீடுகளில் மாறவில்லை. அது அளவில் பெரிய மருந்து, வயிற்றையும் புரட்டும். இருந்தும் தொடக்கத்தில் ஒழுங்காக விழுங்கியவர்கள்தான் பிறகு விட்டிருந்தார்கள். வறுமையை விடவும் மறதியை விடவும் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

இருமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான் காரணம். இருமலும் காய்ச்சலும் இருந்தால் நோய், இல்லாவிட்டால் குணம் என்றுதான் மனிதர் தம் உடம்பை அறிந்து வந்திருக்கிறார்கள். தலைவலி போன பிறகும் தலைவலி மாத்திரை விழுங்குகிறவர் யார்? இதை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். அனுபவம் கற்றுக்கொடுத்ததைத்தான் அந்த நோயாளிகள் செய்தார்கள். இந்தக் கிருமி மட்டும் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே செத்துவிடும், நோயாளி தெம்பாக எழுந்து நடப்பார். மந்தமாகக் கிடக்கும் மிச்சம் மருந்து நின்றதும் மறுபடி தலையெடுக்கும். சில வேளை அந்த மருந்துக்கே அடங்காததாகவும் திரும்பி வரும். தன்கையால் மருந்து எடுப்பதில் உள்ள இந்தச் சிக்கலைப் பற்றி 1958இலேயே ஃபாக்ஸ் விரிவாக எழுதினார். அறிவுரை சொல்லிப் பார்த்தாயிற்று, வீடு தேடிப் போயும் பார்த்தாயிற்று. இனி என்ன மிச்சம்?

வழியைக் காட்டியது ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற இன்னொரு காசநோய் மருந்தை ஊசியாகத்தான் போட முடியும், அதற்கு நோயாளி நேரில் வந்தே ஆக வேண்டும். வந்த இடத்திலேயே மாத்திரையையும் விழுங்க வைத்தால்? தினமும் வரச் சொன்னால் கூலி போகும் என்பதால் வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்து, ஐசோனியாசிட்டின் அளவைக் கூட்டினார்கள். மருந்தில்லாத நாட்களில் கிருமி மீண்டும் எழுந்துவிடாதா என்ற பயம் இருந்தது. 1964இல் முடிவு வந்தது. வீட்டில் தினமும் தாமாக விழுங்கியவர்களை விட, வாரம் இருமுறை பணியாளர் முன்னால் எடுத்தவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை.

பணக்கார நாடுகள் பெரும்பாலும் இதை ஏழைகளின் வைத்தியமாகவே பார்த்தன. அந்த எண்ணம் உடைய 1991 வரை ஆனது. நியூயார்க்கின் ஹார்லம் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்ட 178 காசநோயாளிகளைத் தேடிப் பார்த்தபோது 89 சதவீதம் பேர் சிகிச்சையை முடிக்காமல் விலகியிருந்தார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய் அந்த நகரத்தில் பரவிக்கொண்டிருந்தது. கடைசியில் நியூயார்க்கும் சென்னையில் பிறந்த வழிக்கு வந்தது. 1990களின் நடுவில் உலக சுகாதார நிறுவனம் அதை உலகத்துக்கே பரிந்துரைத்தது. அதன் பெயர் டொட்ஸ்.

இலங்கையிலும் 1990களின் பிற்பகுதியில் அது வந்தது. கித்துல்கலயைச் சுற்றிய தேயிலை, றப்பர் தோட்டங்களில் காசநோயாளி ஒருவர் சுகாதாரப் பணியாளரின் கண்முன் நின்று தண்ணீர் குடித்து மாத்திரை விழுங்குவது இந்த வழியில் வந்ததுதான். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நாட்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் அந்தக் கோபம் நியாயமானதே. மருந்து அவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும், வேலை நேரத்துக்கு ஒத்துவர வேண்டும். சென்னையில் வாரம் இரண்டு நாள் என்று வைத்ததன் அக்கறையும் அதுதானே.

வழக்கமான காசநோய்க்கு இன்றைய சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. இருமல் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே குறைந்துவிடும்.