சந்தை கைக்குள் வந்த கதை

பேலியகொடை, சந்தைகள் குடிபெயர்ந்து வந்த ஊர். புறக்கோட்டையிலிருந்த சென் ஜோன்ஸ் மீன் சந்தை 2011ஆம் ஆண்டில் இங்கு வந்தது. காய்கறி விற்கும் மெனிங் சந்தை சுமார் பத்தாண்டு கழித்து அதனைப் பின்தொடர்ந்தது. சந்தை எங்குச் சென்றாலும் வாங்குவோர் அதனைத் தேடிச் செல்வதே பண்டுதொட்ட வழக்கம். 2020 ஒக்டோபரில் கொரோனாத் தொற்றினால் அம்மீன் சந்தை மூடப்பட்டபோது, கொழும்பில் இல்லங்கள் பலவற்றிற்குக் கைத்தொலைபேசியே சந்தையாயிற்று. விலை பார்க்க ஓர் இணையத்தளத்தைத் திறந்தால், எமது செயலியை நிறுவுக என்று ஒரு திரை குறுக்கே விழும். கடையைத் திறந்து வைத்துவிட்டு வாயிலில் நின்று மறிப்பானேன்?

2007இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை வெளியிட்டபோது வெளியார் செயலிகளுக்கு அதில் இடமில்லை. இணையப் பக்கங்களே போதும் என்பது ஸ்டீவ் ஜொப்ஸ் அன்று கொண்டிருந்த கருத்து. மறு ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஏறத்தாழ 500 செயலிகளுடன் அந்நிறுவனம் செயலிக் கடையைத் திறந்தது. 2009இல் சேர்ந்த வசதியிலேதான் காரியத்தின் வேர் இருக்கிறது என்பேன். செயலி மூடிக் கிடக்கும்போதும் அதன் உரிமையாளர் நமக்கு அறிவித்தல் அனுப்பலாம் என்றாயிற்று. அக்காலத்து இணையத்தளம் வருவோரை எதிர்பார்த்திருந்தது; செயலியோ போனவரையும் கூப்பிட்டது. தேடுபொறியில் போட்டிக் கடைகள் அருகருகே நிற்கும். செயலிக்குள் ஒரே கடைதான். விளம்பரத் தடுப்பான்களும் அங்குப் பெரும்பாலும் நுழையமாட்டா.

இவ்வாசை எல்லை மீறியதும் உண்டு. பெங்களூரின் மிந்த்ரா என்னும் ஆடை வணிக நிறுவனம் 2015 மே 15இல் தன் இணையத்தளத்தையே மூடிவிட்டது. கணினியில் வாங்குவோருக்காக 2016 ஜூனில் அதனை மீண்டும் திறக்க நேர்ந்தது. கூகுள் தன் கூகுள் பிளஸ் தளத்தைப் பற்றி 2015இல் வெளியிட்ட கணக்கு இன்னும் சுவையானது: மறிக்கும் திரையைக் கண்ட வருகைகளில் நூற்றுக்கு 9இல் மட்டுமே செயலி பெறும் பொத்தான் அழுத்தப்பட்டது, 69 அவ்விடத்திலேயே முடிந்தன. ஆயினும் வணிகர் மறிப்பதை விடவில்லை. செயலியை ஏற்ற சிலர் திரும்பத் திரும்ப வாங்குவர் என்பது அவர்தம் கணக்கு.

எல்லோரும் வந்தாக வேண்டிய இடத்தில் இக்கணக்குச் செல்லாது. 2022இல் எரிபொருட் பஞ்சத்தின்போது இலங்கை அரசு ஏற்படுத்திய எரிபொருள் அனுமதி முறையில், வாகன உரிமையாளர் இணையத்தளத்தில் பதிந்தாற் போதும். கிடைத்த கியூ.ஆர். குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் காட்டலாம். 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்படும் வரை, முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்குச் சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாளே போதுமானதாயிருந்தது.