கிரகணத்துக்கு வந்தவர்களும் தினமும் பார்த்தவர்களும்

2019 டிசம்பர் 26. எங்கட கரையில் அந்தத் தேதி எதற்குரியது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுனாமியின் 15ஆவது நினைவுநாள். வினாயகபுரத்திலும் திருக்கோவிலிலும் கல்முனைப் பக்கத்திலும் காலையிலேயே சனம் கடற்கரைக்குப் போயிருந்தது. விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில் வெயில் மங்கத் தொடங்கியது. அன்றைக்குத்தான் கங்கண சூரிய கிரகணம். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சூரியன் நெருப்பு மோதிரம் போலத் தெரிந்தது. எங்களுக்கு அது முழுசாக வரவில்லை, ஆனாலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சில வீடுகளில் "வெளியில போகாத புள்ள" என்று கதவைச் சாத்தினார்கள். கோயில் நடை சாத்தியிருந்தது. அக்கரைப்பற்றில் இருக்கிற எங்கள் கூட்டாளிகள் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகைக்குப் போனார்கள். எங்களில் ஒருவருக்கு மட்டும் இன்னொரு காட்சி கிடைத்தது. மரத்தடி மணலில் விழுந்திருந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தன. இலைகளுக்கிடையிலுள்ள சின்ன இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமரா போல வேலை செய்து, மறைந்துகொண்டிருந்த சூரியனை மணலில் வரைந்திருந்தது. ஏன் இப்படி என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பிறைகளிலிருந்து தொடங்கியது. இந்தத் தீவில் இதற்கு முதல் யார் யார் சூரியனை ஆராய்ந்தார்கள், அவர்களின் கருவிகள் எங்கே போயின என்று தேடினோம். தேடல் எங்களைக் கடல் கடந்து கோடைக்கானல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

பெட்டி கட்டி வந்தவர்கள்

சூரியனைப் பற்றிய நவீன ஆய்வில் தென்னிந்தியாவுக்கு ஒரு பெரிய நாள் உண்டு: 1868 ஆகஸ்ட் 18. அன்றைய முழுக் கிரகணத்தைப் பார்க்க பிரான்சிலிருந்து ஜூல் ஜான்சன் என்ற வானியலாளர் குண்டூருக்கு வந்திருந்தார். அவரிடம் தொலைகாட்டியோடு நிறமாலைகாட்டியும் இருந்தது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அது எந்த மூலகத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி அது. சென்னை வான்கூடத்தின் தலைவர் நோர்மன் பொக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்று பார்த்தார். அந்த வான்கூடத்திலேயே வேலை செய்த தமிழ்நாட்டுக்காரர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் நின்று பார்த்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் சுவாலைகளின் ஒளியில் பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. அந்தப் பொருளுக்குப் பிறகு வைத்த பெயர்தான் ஹீலியம். அது பூமியிலும் இருக்கிறது என்று 1895இல்தான் உறுதியானது.

ஹீலியக் கதையைப் பலரும் சொல்வார்கள். அடுத்த நாள் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. சுவாலைகளின் நிறமாலைக் கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருக்கிறபோது, கிரகணம் இல்லாமலே அவற்றைப் பார்க்கலாமே என்று ஜான்சனுக்குத் தோன்றியது. ஆகஸ்ட் 19ஆம் தேதி கிரகணம் முடிந்த சாதாரண வெயிலில் பார்த்தார், தெரிந்தது. இங்கிலாந்தில் நோர்மன் லொக்கியரும் அதே முறையைத் தனியாகக் கண்டுபிடித்தார். சுவாலைகளைப் பார்க்க இனி வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, வெயிலடிக்கிற எந்த நாளும் போதும் என்றானது.

ஆனால் சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய ஒளிப்படலமான கொரோனாவைப் பார்க்க அப்போது கிரகணத்தை விட்டால் வேறு வழியில்லை. அதனால் 1871 டிசம்பர் 12ஆம் தேதிக் கிரகணத்துக்கு மறுபடியும் எல்லாரும் கப்பல் ஏறினார்கள். லொக்கியர் கேரளத்தின் பேக்கல் கோட்டைக்கும், ஜான்சன் நீலகிரிக்கும், இத்தாலியரான ரெஸ்பீகி புதுக்கோட்டைக்கும் போனார்கள். பிரித்தானியக் குழுவின் இரண்டு பிரிவுகள் எங்கள் தீவில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கருவிகளை நாட்டின. முழு மறைப்பு இரண்டு நிமிடமளவுதான். கொரோனா சூரியனுக்கே உரியது, எங்களுடைய வளிமண்டலம் காட்டும் மாயம் அல்ல என்பதை உறுதிப்படுத்த அந்த இரண்டு நிமிடங்கள் உதவின. வேலை முடிந்ததும் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

84 வருடங்களுக்குப் பிறகு, 1955 ஜூன் 20ஆம் தேதி இன்னொன்று வந்தது. 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அது. பிலிப்பைன்ஸ் பக்கம் உச்சத்தில் 7 நிமிடம் 8 செக்கன் நீடித்தது. இலங்கையில் நாலு நிமிடமளவு. பொலன்னறுவைப் பக்கத்தில் வெளிநாட்டு விஞ்ஞானிகள் முகாம் அடித்தார்கள். பல முகாம்களில் முகில் வந்து மறைத்துவிட்டது. மாதக்கணக்கான ஆயத்தம் நாலு நிமிட முகிலோடு முடிந்தது. அவர்களும் பெட்டி கட்டினார்கள்.

இதில் வந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரகணத்தின் பாதை எங்கே விழுகிறதோ அங்கேதான் போகவேண்டும். ஆனால் கருவியோடு வந்தவர் கருவியோடு போன பிறகு, இங்கே மிஞ்சியது "வெள்ளைக்காரன் வந்து பார்த்தான்" என்ற கதை மட்டும்தான்.

பஞ்சத்தில் பிறந்த வான்கூடம்

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்தது. அதன் தொடக்கம் மிகக் கொடுமையானது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். மழை பொய்த்தது. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. நிவாரண முகாம்களில் உடலுழைப்புக்கும் காணாத கூலி கொடுத்தார்கள். லட்சக்கணக்கான சனம் செத்தது. உயிர் பிழைக்க மன்னார் வழியாக இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் எண்ணிக்கை 1877இல் பெருகியது. மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றின் கதை அந்த நடையில்தான் தொடங்குகிறது. ஆக, இந்தப் பஞ்சம் எங்கள் தீவின் வரலாறும்தான்.

அந்த நேரத்தில் ஒரு கருத்து பலமாகப் பேசப்பட்டது. சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அதோடு சேர்ந்து பருவமழையும் கூடிக் குறைகிறதோ? அப்படியென்றால் புள்ளியை எண்ணிப் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமே! இப்படி எழுதியவர்களில் லொக்கியரும் ஒருவர். ஏற்றுமதியையும் கூலியையும் பற்றிக் கேள்வி கேட்பதைவிட சூரியனைக் கேட்பது அரசாங்கத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எப்படியோ, இந்தியாவில் சூரியனுக்கென்று ஒரு வான்கூடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பஞ்சத்தின் பின்னால் வலுப்பெற்றது.

சார்லஸ் மிச்சி சிமித் இடம் தேடி, பழனி மலையில் கோடைக்கானலைத் தெரிவுசெய்தார். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கு மேல். 1895இல் அடிக்கல் வைத்தார்கள், 1899இல் சென்னை வான்கூடத்தின் வேலைகள் அங்கே மாறின, 1901இல் அவதானிப்பு தொடங்கியது. படப் பாட்டுகளில் நாங்கள் பார்த்த கோடைக்கானலில் ஏரியும் பனியும்தான் இருந்தன. அதே மலையில் சூரியனை ஒவ்வொரு நாளும் படம் பிடிக்கிற ஒரு வீடு இருப்பதை எந்தப் பாட்டும் காட்டவில்லை.

அங்குள்ள ஒரு தொலைகாட்டியின் வில்லை 15 சென்ரிமீற்றர் அகலம்தான். 1850 அளவில் பாரிசில் செய்தது. 1904 முதல் வானம் திறந்த நாளெல்லாம் சூரியனின் படம் எடுத்தார்கள், கண்ணாடித் தட்டில். பிறகு சூரிய ஒளியிலிருந்து ஒரேயொரு நிறத்தை மட்டும் பிரித்து, கல்சியத்தின் ஊதாக் கோட்டிலும் ஐதரசனின் சிவப்புக் கோட்டிலும் படம் எடுக்கும் கருவிகள் சேர்ந்தன. ஒவ்வொரு நிறமும் சூரியனின் ஒவ்வொரு அடுக்கைக் காட்டும்.

1907இல் அங்கே வந்தவர் ஜோன் எவர்ஷெட். அவருடைய மனைவி மேரியும் வானியலாளர். சூரியச் சுவாலைகளைப் பற்றிய பெரிய ஆய்வறிக்கை ஒன்றை 1917இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். 1908இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளில் பலத்த காந்தப்புலம் இருப்பதைக் கண்டிருந்தார். புள்ளிக்குள் வாயு சூறாவளி போலச் சுழலும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரி 5ஆம் தேதி எவர்ஷெட் பார்த்தது வேறு. புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, செக்கனுக்கு சுமார் 2 கிலோமீற்றர் வேகத்தில் வாயு ஓடிக்கொண்டிருந்தது. "எவர்ஷெட் விளைவு" என்று உலகப் பாடநூல்களில் இன்றைக்கும் இருக்கிறது.

சரி, பஞ்சம்? சூரியப் புள்ளிக்கும் பருவமழைக்கும் நேரடியான கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வோக்கர் எண்களை வைத்துத் தேடினார். சூரியப் புள்ளியில் கிடைக்காத விடை, பசுபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையிலான காற்றழுத்த ஊசலாட்டத்தில் கொஞ்சம் கிடைத்தது. இன்றைக்கு எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் மறுபாதி அது. 1877இல் மழையைக் கெடுத்ததும் பலத்த எல் நினோதான் என்கிறார்கள். பெரும்போகத்துக்கு மழையைப் பார்த்திருக்கிற எங்கள் அம்பாறை விவசாயிக்கும் இந்தக் கண்டுபிடிப்பு சொந்தம்.

ஆக, எதற்காக வான்கூடம் கட்டினார்களோ அது நடக்கவில்லை. ஆனால் படம் எடுப்பது நிற்கவில்லை. வெள்ளைக்காரன் போனான், இந்தியர்கள் தலைமைக்கு வந்தார்கள், வைணு பாப்பு 1960இல் இயக்குநரானார், 1971இல் அது இந்திய வானியற்பியல் நிறுவனமாகியது. 100 வருடத்துக்கு மேலான சூரியனின் தொடர் பதிவு உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது, அதில் கோடைக்கானல் ஒன்று. அந்தக் கண்ணாடித் தட்டுகளை இப்போது எண்ணிமப் படங்களாக மாற்றியிருக்கிறார்கள். அவற்றைத் தொடக்க காலத்தில் எடுத்தவர்களுக்குக் கணினி என்றால் என்னவென்று தெரியாது. இன்றைக்குச் சூரியனின் பழைய நடத்தையைக் கணினியில் ஆராய்கிறவர்கள் அவர்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கிரகணத்தைக் கையோடு கொண்டுபோன கலம்

2023 செப்டம்பர் 2ஆம் தேதி இந்தியா ஆதித்யா எல்-1 என்ற விண்கலத்தை அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீற்றர் தூரத்தில், சூரியன் ஒருநாளும் பூமியின் பின்னால் மறையாத இடத்துக்கு 2024 ஜனவரி 6ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அதன் முக்கிய தொலைகாட்டியைச் செய்தது கோடைக்கானல் வான்கூடத்தை நடத்துகிற அதே நிறுவனம். அந்தத் தொலைகாட்டி சூரியனின் நடுவட்டத்தைத் தானே மறைத்துக்கொண்டு கொரோனாவைப் பார்க்கும். 1871இல் கப்பலேறி வந்து இரண்டு நிமிடம் பார்த்ததை இது நாள் முழுக்கப் பார்க்கிறது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி. செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த தமிழ் முஸ்லிம் பெண். இதை எங்கள் கூட்டமொன்றில் சொன்னபோது அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒருத்தி "நம்மட பேரு மாதிரியே இருக்கு" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று முடிவெடுத்தோம்.

எங்கட நாட்டில் என்ன இருக்கிறது? மொரட்டுவை கட்டுபெத்தையில், 1990களில் ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. அது இரவு வானத்துக்கு. பெரிய கருவி வேண்டும், வெளிநாட்டு உதவி வேண்டும் என்று நாங்களும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் வரலாறு எங்களுக்குக் காட்டியது வேறொன்று. சூரியப் புள்ளிகளின் சுழற்சியைக் கண்டுபிடித்தவர் ஹைன்ரிஷ் ஷ்வாபே என்ற ஜேர்மன் மருந்துக்கடைக்காரர். சின்னத் தொலைகாட்டியோடு 1826இல் தொடங்கி, வெயில் வந்த நாளெல்லாம் புள்ளிகளை எண்ணி எழுதினார். 17 வருடம் கழித்து 1843இல் முடிவை வெளியிட்டார். அவரிடம் இருந்தது நோட்டுப் புத்தகமும் பொறுமையும்.

நாங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். இரவல் வாங்கிய சின்னத் தொலைகாட்டி ஒன்று. அதற்குள் கண்ணை வைக்கவே மாட்டோம். வைத்தால் கண் போய்விடும், எக்ஸ்ரே படமும் கூலிங் கிளாசும் காப்பாற்றாது. தொலைகாட்டியின் பின்னால் வெள்ளை மட்டை ஒன்றைப் பிடித்து, அதில் விழுகிற சூரியனின் உருவத்தைப் பென்சிலால் வரைகிறோம். கலிலியோவின் மாணவர் கஸ்தெல்லி 400 வருடத்துக்கு முதல் சொல்லிக்கொடுத்த முறை அது. புள்ளிகளை எண்ணுகிறோம், தேதியும் நேரமும் எழுதுகிறோம். மாரியில் பல பக்கம் வெறுமையாகக் கிடக்கும், "முகில்" என்று மட்டும் எழுதி. கோடைக்கானலின் தட்டுகளிலும் மழைநாள் இடைவெளிகள் இருக்கின்றன.

"இதால என்ன வரும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பஞ்சத்தைச் சொல்லும் என்று நம்பிக் கட்டியவர்களுக்கே வேறொன்றுதான் கிடைத்தது, எங்களுக்கு எதுவும் கிடைக்காமலும் போகலாம். ஆனால் அடுத்த கிரகணத்தன்று மணலில் பிறை விழும்போது, "ஏன் இப்படி?" என்று கேட்கிற பிள்ளைக்குச் சொல்லித்தர இந்தக் கரையில் ஆள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு மட்டையோடு நிற்கிறோம். வரலாம்.