பத்மநாபபுரமும் நெய்யாறும்

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, அம்பூரிப் பக்கமாக இறங்கி, நெய்யாற்றின்கரையைத் தழுவிப் பூவாறு அருகே கடலில் கலக்கிறது. இக்கரையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைநகர் காணத் திருவனந்தபுரத்திற்கே பேருந்து ஏறுகின்றன. பனச்சமூடு கடந்து தெற்கே சென்றால் 1795 வாக்கில் வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரம் உள்ளதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அரண்மனையில் நாம் நெடுநேரம் நின்றது தாய்க்கொட்டாரத்தில். அங்குள்ள பலாமரத் தூணின் செதுக்கு வேலை, தச்சனின் பொறுமைக்குச் சான்று. கருந்தளங்கள் சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைக்கப்பட்டவை என்பர்.

1956 நவம்பர் 1இல் கல்குளம் உள்ளிட்ட 4 வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை நிற்கும் மண் தமிழகத்தினது. பேணுவதோ கேரளத் தொல்லியல் துறை. கோப்பு நடை அறிந்த நமக்கு இவ்வேற்பாடு பெருவியப்பே!

நவராத்திரிதோறும் கம்பர் வழிபட்டதாகக் கூறப்படும் சரசுவதி, வேளிமலை முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் இங்கிருந்து திருவனந்தபுரம் எழுந்தருளுகிறாள். வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கல். எல்லை கடக்கையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துவர்.

ஆற்றுநீருக்கு அந்த வழி வாய்க்கவில்லை. 1958இல் எழுந்த நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004இல் அந்நீர் நிறுத்தப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.