கண்டியின் இரவும் மஞ்சள் ஒளியும்

நகர வரலாறு எழுதுவோர் அரசரையும் ஆலயங்களையும் போர்களையும் விரித்துரைப்பர். அந்நகரம் இரவில் எதனால் ஒளிபெற்றது, அவ்வொளிக்கு என்ன விலை கொடுத்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. கண்டியைப் பொறுத்தவரை இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எசல பெரஹராவில் இரும்புக் கூடைகளிலே கொப்பறா எரியும் பந்தங்கள் இன்றும் ஊர்வலத்துக்கு வழிகாட்டுகின்றன; பின்னே வரும் யானைகளின் அணிகளிலோ மின்குமிழ்கள் மினுங்குகின்றன. பழைய ஒளியும் புதிய ஒளியும் ஒரே வீதியில் நடக்கின்றன.

அம்மின்னொளி நீண்டகாலம் மலைநீரையே நம்பியிருந்தது. மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாமென 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா கட்டுரை படித்தார். 1924இல் தொடங்கிய வேலை 1927இல் நிறுத்தப்பட்டது. லக்சபானா நிலையம் 1950இலேயே இயங்கலாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுத் தாமதம்! பின்னர் கண்டிக்கு அண்மையில், பொல்கொல்லையில் 1976இல் மகாவலி திசைதிருப்பப்பட்டு உக்குவளையில் மின்னாக்கப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை எழுந்தது. எனினும் மழை பொய்த்தால் ஒளியும் பொய்த்தது. 1996ஆம் ஆண்டு வரட்சியில் நாடு நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரமின்றி இருந்தது.

மின்சாரத்தை இவ்வாறு எண்ணிச் செலவிட வேண்டிய நாடொன்றிலிருந்து நோக்கும்போதே தாழமுக்கச் சோடிய ஆவி விளக்கின் பெறுமதி விளங்கும். 1932இல் நெதர்லாந்தின் பேக், கெலீன் ஆகிய ஊர்களுக்கிடையிலான சாலையில் பிலிப்ஸ் நிறுவனம் இவ்விளக்கை நிறுவியது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் குரோய்டனிலும் இது பரிசோதிக்கப்பட்டது. வளைந்த கண்ணாடிக் குழாயினுள் நியொன் வாயுவும் சிறிதளவு சோடிய உலோகமும் இருக்கும். ஏற்றியவுடன் நியொன் செந்நிறமாய் ஒளிரும். குழாய் வெப்பமுற, சோடியம் ஆவியாகிச் சில நிமிடங்களில் மஞ்சள் ஒளி பரவும். அவ்வொளி ஏறத்தாழ 589 நனோமீற்றர் அலைநீளத்தில் மட்டுமே அமைகிறது. கண்ணின் உணர்திறன் உச்சம் பெறும் 555 நனோமீற்றருக்கு அது அண்மையில் இருப்பதால், சிறிது மின்சாரத்தில் மிகுந்த ஒளி கிடைக்கிறது. சாதாரண இழைக்குமிழ் ஓர் உவாற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து இலூமென் வரை தர, 180 உவாற்றுச் சோடிய விளக்கு அதனைப்போல் பத்து மடங்குக்கு மேல் தந்தது. மலைப்பாதைகளில் பனிமூட்டத்தை இம்மஞ்சள் ஒளி ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரிதாதலால் நிறம் அங்கு அதிகம் உதவுவதில்லை.

இச்சிக்கனத்துக்கு ஈடாகக் கொடுபட்டது நிறம். ஒரே அலைநீளத்தில் செம்மையும் நீலமும் கருமையாகவே தோன்றும். கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும் வாகனத்துக்கு இது பெரிய இழப்பன்று. பெரஹராவின் செந்நிற ஆடையும் பொன்னிழைப் போர்வையும் அவ்வொளியில் சாம்பற் சாயலேயன்றி வேறொன்றும் பெறா. பொருளாதாரக் கணக்கில் சிறந்ததெல்லாம் ஒரு நகரின் விழாவிரவுக்குப் பொருந்தும் என்ற பொறியியலாளரின் எண்ணம் ஏற்கத்தக்கதன்று. கொப்பறாப் பந்தம் சிக்கனத்தில் மிகத் தாழ்ந்தது. நிறத்தை மட்டும் அது கொன்றதில்லை.

ஆயினும் இருளைவிட மஞ்சள் மேல். 2022இல் அந்நியச் செலாவணி அற்று எரிபொருள் தட்டுப்பட்டபோது, மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தெருவிளக்குகளையே அணைக்குமாறு பணிக்கப்பட்டது. அவ்வாண்டில் வீதியில் நடந்தவர்களுக்கு நிறம் பற்றிய வாதம் சற்று ஆடம்பரமாகவே தோன்றியிருக்கும்.

பிலிப்ஸ் நிறுவனம் 2020ஐ ஒட்டி இவ்வகை விளக்கின் உற்பத்தியைக் கைவிட்டது. உலகில் எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று பழுதுற்றால் மாற்றுக்குழாய் கிடைப்பது அரிது. அக்கம்பத்தில் பெரும்பாலும் வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கே ஏறுகிறது. அதன் கீழ்ச் செந்நிறம் செந்நிறமாகவே தெரிகிறது.