அச்சு நின்றால்தான் அளவு நிற்கும்

விருதுநகர், சிவகாசி பக்கம் நில அளவைக் கருவியோடு பல ஆண்டுகள் அலைந்தவன் நான். பார்க்கிறவர்கள் எல்லாம் கருவியின் லென்ஸைத்தான் புகழ்வார்கள். எனக்கு அது சுழலும் அச்சின் மீதுதான் கண்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். மற்ற தூரங்களைக் கோணங்களிலிருந்தே கணக்கிட்டார்கள். கோணத்தில் ஒரு விகலை பிசகினால், ஒரு கிலோமீட்டரில் சுமார் 5 மில்லிமீட்டர் விலகிப் போகும். அவருடைய தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை அரை டன், வட்டத்தின் விட்டம் 3 அடி. அவ்வளவு பெரிய வட்டத்திலும் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரில் சுமார் நானூற்றைம்பதில் ஒரு பங்குதான்!

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள்ளேயே இருந்து, சுமார் ஆறு வாரத்தில் அதை நிமிர்த்தினார். பின்னாளில் எவரெஸ்ட் காலத்தில் அளவைக் கருவிகளைச் சீர்செய்தவர்களில் நம் ஆற்காட்டுக்காரர் சையது மீர் மொஹ்சின் ஹுசைனும் ஒருவர்.

இன்று தூரத்தை ஒளியே அளக்கிறது. டோட்டல் ஸ்டேஷனும் லேசர் ஸ்கேனரும் சுழன்றபடி அளக்கின்றன. வட்டமோ உள்ளங்கைக்குள் அடங்கும். ஆகவே பேரிங்கில் ஒரு தூசி புகுந்தாலும் போதும். சீலை இறுக்கினால் உராய்வு கூடி மோட்டார் திணறும். தளர்த்தினால் நம் கரிசல் புழுதி உள்ளே போகும். சிலர் சுழலும் பகுதி முழுவதையும் அசையாத கண்ணாடிக்குள் மூடிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் ஒளி மங்கும். ஐபி 65 என்று எழுதியிருந்தால், 6 தூசி புகாது என்பதையும் 5 பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். அதற்காக அலட்சியம் கூடாது. வெயிலில் காய்ந்த கருவி திடீர் மழையில் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பட்டாசு ஆலையில் கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விடுவது உயிர் சம்பந்தப்பட்டது. வரப்புத் தகராறோ அண்ணன் தம்பியைக் கோர்ட்டுக்கு இழுப்பது. திரையில் எண் பளிச்சென்று தெரிவதால் மட்டும் அதை நம்பிவிடக் கூடாது. ஒரு குறியைப் பார்த்து, கருவியை முழுச் சுற்றுச் சுற்றி, அதே குறியை மறுபடி பாருங்கள். கோணம் மாறியிருந்தால் முதலில் முக்காலியின் பிடிமானத்தைச் சரிபாருங்கள். அதுவும் சரியென்றால் சந்தேகம் அச்சின் மேல்தான். இளைய அளவையாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஈரக் கருவியைப் பெட்டியில் பூட்டாதீர்கள், துடைத்து உலர்த்துங்கள்.