கவுலும் இனிப்பும்: பறவை காத்த ஊர்களுக்குக் கிடைத்த சிறு கொடைகள்

வந்தவாசி என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவில் எழுவது 1760 ஜனவரி 22. ஆங்கிலேயரின் சர் அயர் கூட்டும் பிரெஞ்சுக்காரரின் லாலியும் மோதிய நாள். அப்போரின் விளைவுகளைப் பாடநூல்கள் பாண்டிச்சேரியின் வீழ்ச்சியோடு முடித்துக்கொள்கின்றன. ஆனால் அதன் நீட்சியாக நிகழ்ந்த ஒரு சிறு செயலை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. பிரெஞ்சுக்காரர் ஒடுங்கியபின், ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கழுநீர்ப்பட்டுப் பகுதியை 1763-இல் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அந்த ஜாகீரின் கலெக்டராக 1794 முதல் 1798 வரை இருந்தவர் லயனல் பிளேஸ். அவர் 1798-இல் வேடந்தாங்கல் ஊரார்க்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். ஏரியில் வந்து தங்கும் பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருடையது என்பது அதன் சாரம்.

வேடந்தாங்கல் வந்தவாசிக்குக் கிழக்கே உள்ளது; நேர்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டர்கூட இராது. 'வேடர்கள் தங்கிய இடம்' என்று பெயருக்கு விளக்கம் சொல்வது வழக்கம். தொண்டை மண்டலத்தில் 'தாங்கல்' என்பது சிறிய ஏரிக்குப் பெயர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பழவந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் அப்படி வந்தவையே. பெயரிலேயே நீர் இருக்கிறது. வேடனைவிட நீரே இவ்வூர்க் கதைக்கு முக்கியமானது.

கவுல் பிறந்த கதை இவ்வாறு வழங்குகிறது. வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் கொதித்தெழுந்து கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டரும் விசாரித்து, இனி யாரும் அங்கே சுடலாகாது என்று எழுதித் தந்தார். கும்பினிச் சிப்பாய்க்கு எதிராகக் குடியானவன் முறையிட்டு, அது எடுபடவும் செய்தது என்பது அக்காலத்தில் அரிதான நிகழ்வுதான். ஆயினும் பிளேஸை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட எனக்கு மனமில்லை. வரி வசூலில் அவர் கறாரானவர். அவருடைய காலத்தில் மிராசுதாரர்கள் வயலை விட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டியதும், அவர்களில் பலருடைய மிராசு உரிமையை அவர் பறித்ததும் ஆவணங்களில் உள்ளன. அதே மனிதர்தான் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டவர். பெருமழை இரவில் வில்லேந்திய இரு இளைஞர் கரையைக் காவல் காப்பதைக் கண்டு, தாயார் சன்னதித் திருப்பணியை முடித்துக் கொடுத்தார் என்ற ஏரிகாத்த ராமர் கதையின் நாயகரும் அவரே. வரிக்கு விளைச்சல் வேண்டும். விளைச்சலுக்கு ஏரி வேண்டும். ஏரியைப் போற்றிய கலெக்டரின் பக்தியில் கணக்கும் கலந்திருந்தது என்று சொன்னால் ராமர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊராரின் அன்பிலும் கணக்கு இருந்தது. இதை இழிவாகச் சொல்லவில்லை. வேடந்தாங்கல் ஏரி மிகச் சிறியது, 30 ஹெக்டேர் அளவே. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பினால், நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் வக்காவும் கூடு கட்டுகின்றன. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் இடைவிடாமல் நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்நீர் மடை வழியே வயலுக்குப் பாய்கிறது. எருவே தேவைப்படாத பாசனம். பறவையைச் சுட்டால் அந்த ஆண்டு எரு போயிற்று என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். கைமாறு எதிர்பாராத சேவையைவிட, இத்தகைய உறவே நெடுங்காலம் நிலைப்பது.

மா. கிருஷ்ணன் இந்த ஏரியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்டுவது தகும். இந்தியாவின் மூத்த பறவைச் சரணாலயம் ஒன்றை அரசு தோற்றுவிக்கவில்லை, ஊரார் தோற்றுவித்தார்கள் என்ற செய்தி அவர் வழியாகவே பலரை எட்டியது. ஊரார் 1858-இலும் செங்கழுநீர்ப்பட்டுக் கலெக்டரை அணுகிப் பாதுகாப்பு ஆணையைப் பெற்றார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், ஆட்சி கும்பினியிடமிருந்து அரசியிடம் மாறிய அதே ஆண்டில், உரிமையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சிற்றூருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தக் கவுலில் பணம் இல்லை. நிலமும் இல்லை. பெற்றவர்களுக்கு அதற்கு முன்பும் அந்த வேலை தெரியும், அதற்குப் பின்பும் தெரியும். இடையில் தடுப்பவர்களைத் தடுக்க ஒரு கையெழுத்து மட்டுமே தேவைப்பட்டது. கொடை வரலாற்றில் இது தனி வகை.

பணம் கொடுத்த வகைக்கும் நம்மிடம் பழைய சான்றுகள் உண்டு. வேடந்தாங்கலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. தேர்தலைக் கொண்டாடுகிற நாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. பொன்னாகக் கொடுத்தால் முதலைத் தொடாமல் பொலிசையை மட்டும் செலவிட்டார்கள்.

வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியிலுள்ள உக்கலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கண்ணன் ஆரூரன் என்பவர் கிணறும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தார். அத்தோடு நில்லாமல் நீர் இறைப்பவனுக்கு, நீர் வார்ப்பவனுக்கு, கலம் தருபவனுக்கு, ஆண்டுதோறும் பழுது பார்ப்பதற்கு என்று தனித்தனியே வகை செய்திருக்கிறார். கிணறு வெட்டுவது ஒரு நாள் புகழ். கலம் உடைந்தால் மாற்றுவது நாள்தோறும் இருக்கும் வேலை. இந்த இரண்டாவதற்கு நிதி ஒதுக்கும் அறிவு இன்றைய கொடையாளர் பலரிடம் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சுவையான இணை உண்டு. 1903 மார்ச் 14 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைப் புகலிடமாக அறிவித்தார். அங்கே தேசிய வனஉயிர்ப் புகலிடங்கள் என்ற அமைப்பின் தொடக்கம் அது. ஆனால் காவலுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. அதற்கு முன்பே தன் படகில் அத்தீவைச் சுற்றிக் கூழைக்கடாக்களைக் காத்துவந்த பால் குரோகெல் என்ற குடியேறி முதல் காவலரானார். சம்பளம் மாதம் 1 டாலர். அதையும் பறவை ஆர்வலர் சங்கமே தந்தது. இன்று 500-க்கும் மேற்பட்ட அப்புகலிடங்களில் பலவற்றுக்கு 'நண்பர்கள்' என்ற பெயரில் தன்னார்வக் குழுக்கள் உள்ளன. 1998-இல் தன்னார்வலருக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. வேடந்தாங்கலின் கவுல் அந்தப் பெலிக்கன் தீவுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது.

உலக அளவில் சிறு கொடை என்ற சொல் நிறுவன வடிவம் பெற்றது 1992-இல். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு கொடைத் திட்டம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, உள்ளூர்க் குழுக்களுக்கு 50,000 டாலர் வரை வழங்கத் தொடங்கியது. நம் நாட்டில் அகமதாபாத்தின் சுற்றுச்சூழல் கல்வி மையம் பல ஆண்டுகள் அதை நிர்வகித்தது. நல்ல நோக்கமே. ஆயினும் இத்தகைய நிதி திட்டக் காலத்தோடு முடிவது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தொலைநோக்கி வாங்கலாம், பலகை நடலாம், கையேடு அச்சிடலாம். அதன்பின் பழுதுபார்க்க யார் வருவார்? ஏரிப்பட்டியின் நிலம் ஆண்டுதோறும் விளைந்தது. திட்ட அறிக்கை ஒருமுறைதான் விளையும். பணத்துக்காகவே முளைத்த குழுக்கள் பணம் வற்றியதும் காய்ந்துபோகும் இடர்ப்பாடும் இதில் உண்டு. ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஊரைத் தேடிச் சென்று கொடுப்பதுதான் கடினம், ஏனெனில் அத்தகைய ஊர் விண்ணப்பம் எழுதாது.

அரசு கையேற்ற பின் வேடந்தாங்கலின் நிலை என்ன? 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம், பின்னர் 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 2022-இல் அருகிலுள்ள கரிக்கிலியோடு ராம்சர் பட்டியலில் இடம். ஒவ்வொரு படியிலும் பாதுகாப்பு உறுதியாயிற்று, ஊராரின் இடம் சிறிது சிறிதாகச் சுருங்கிற்று. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்றிருந்த சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020-இல் எழுந்தபோது பெரும் எதிர்ப்பு வந்தது. 1798-இல் ஊர் சொல்ல, கலெக்டர் எழுதினார். 2020-இல் அலுவலகம் எழுதியது, ஊர் செய்தித்தாளில் படித்தது. மானிய விலை உர மூட்டை வந்தபின் பறவை எச்சத்தின் விலையும் வயலில் குறைந்துவிட்டது. பழைய கணக்கு தளர்ந்தால் பழைய காவலும் தளரும் என்றே அஞ்சுகிறேன்.

2002-இல் திருத்தப்பட்ட சட்டம் காப்பு ஒதுக்கிடம், சமுதாய ஒதுக்கிடம் என்று இரு புதிய வகைகளைச் சேர்த்தது. அதன்படி 2005-இல், தாமிரபரணிக் கரையில் கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் தங்கும் திருப்புடைமருதூர் காப்பு ஒதுக்கிடமாயிற்று. பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. ஊராரின் விருப்பத்துக்குச் சட்டத்தில் மீண்டும் ஒரு வாசல் திறந்திருப்பதை வரவேற்கலாம்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்குள்ள கண்மாய்கள் 1977-இல் பறவைச் சரணாலயமாயின. பறவை கூடு கட்டும் பருவமும் பண்டிகையும் ஒன்றாக வருவதால், குழந்தைகள்கூட மத்தாப்பைத் தொடுவதில்லை. வனத்துறையினர் தீபாவளியை ஒட்டி அவ்வூர் வீடுகளுக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாயிருக்கிறது. விண்ணப்பமில்லை, அறிக்கையில்லை, பயன்பாட்டுச் சான்றிதழில்லை. அடுத்த ஆண்டும் கண்மாயில் நீர் இருந்தால் நாரை வரும், அதன் பின்னாலேயே இனிப்புப் பெட்டியும் வரும்.