செல் சுவரைத் தளர்த்தும் புரதம்

சைக்கிள் சக்கரத்தைக் கவனியுங்கள். உள்ளே காற்றடைத்த ட்யூப் புடைத்துத் தள்ளுகிறது. வெளியே டயர் அதை அடக்கி நிறுத்துகிறது. தாவர செல்லின் அமைப்பும் இத்தகையதே. செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பல சமயங்களில் கார் டயரின் காற்றழுத்தத்தையும் மிஞ்சிவிடும். அதைத் தாங்கி நிற்பது செல்லுலோஸ் இழைகளாலான செல் சுவர். சுவர் சற்று நெகிழ்ந்தால்தான் செல் வளரும். கிழிந்தாலோ செல் மடியும். அப்படியானால், கிழியாமல் சுவரை நெகிழச் செய்வது எது? வெள்ளரி முதல் பாசி வரை இதற்கு விடை தேடிச் சென்ற வரலாறு சுவையானது.

ஆக்சின் என்னும் ஹார்மோன் செடியை வளரச் செய்கிறது என்பது முன்பே தெரிந்ததுதான். 1970, 1971-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரேல், கிளீலண்டு ஆகியோரும், ஜெர்மனியில் ஹாகர் குழுவினரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். ஆக்சினின் தூண்டுதலால் செல்கள் அமிலத்தை வெளிவிடுகின்றன; அந்த அமிலச் சூழலில் சுவர் தளர்கிறது என்பதே அது. ஆனால் அமிலம் மட்டுமே போதுமா?

1992-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்வீன்-மேசன், துராச்கோ, காஸ்கிரோவ் ஆகிய மூவர் இதற்கு விடை கண்டனர். வெள்ளரி நாற்றின் இளந்தண்டை உறையவைத்து, அதன் செல்களைக் கொன்றனர். பின் அதை இடுக்கியில் பிடித்து இழுத்து, அமிலக் கரைசலில் நனைத்தனர். உயிரற்ற அந்தத் தண்டு நீண்டது! சூடாக்கிய தண்டோ நீளவில்லை. நாற்றின் சுவர்களிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை அதனுடன் சேர்த்ததும் மீண்டும் நீண்டது. ஆக, வேலையைச் செய்வது புரதமே. அதற்கு ஏற்ற சூழலைத் தருவதே அமிலம். அப்புரதத்திற்கு ‘எக்ஸ்பான்சின்’ என்று பெயரிட்டனர். அது இழைகளை வெட்டுவதில்லை. இழைகளுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துவதாகக் கருதப்படுகிறது.

அப்படியானால், இப்புரதம் மிகுந்தால் செடி பெரிதாக வேண்டுமல்லவா? 2000-இல் அரபிடாப்சிஸ் செடியில் அதன் ஜீனை மிகுதியாகச் செயல்பட வைத்தபோது இலைகள் பெரிதாயின. ஆனால் 2001-இல் வெள்ளரியின் எக்ஸ்பான்சின் ஜீனைத் தக்காளியில் புகுத்தியபோது வளர்ச்சி குன்றியது! 2003-இல் நெற்பயிரில் சில செடிகள் 12 சதவீதம் வரை உயர்ந்தன. ஆனால் மணி பிடிப்பது வெகுவாகக் குறைந்தது.

இனி பாசிக்கு வருவோம். பிஸ்கோமிட்ரெல்லா என்னும் மாஸ் பாசியில் விரும்பிய ஜீனைக் குறிபார்த்து மாற்றலாம் என்று 1997-இல் தெளிவாயிற்று. 2002-இல் அதன் எக்ஸ்பான்சின் ஜீன்களைத் தனித்தனியே நீக்கிப் பார்த்தபோது, பாசியின் தோற்றத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரு ஜீன் போனாலும், அதன் வேலையை அதே குடும்பத்தின் மற்ற ஜீன்கள் செய்துவிடுகின்றன போலும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? எவ்வளவு தளர்வு என்பதோடு, எங்கே, எப்போது என்பதும் முக்கியம். இளம் பாசியின் இழை ஒரே வரிசைச் செல்களால் ஆனது. அது நுனியில் மட்டுமே நீளுகிறது. அதன் சுவர் எங்கும் ஒரே அளவு தளர்ந்தால் இழை நீளுமா, அல்லது பருக்குமா? சைக்கிள் ட்யூபை நினைத்துக்கொண்டு நீங்களே யோசித்துப் பாருங்கள்.